கோட்டின் இடது கை

லேர், கிழக்கு ஃப்ரீஸ்லாந்து
அக்டோபர் 1997

அன்புத் தங்கை ஆல்கேவுக்கு,

இங்கு அனைவரும் நலம். கனடாவில் குளிர் தொடங்கியிருக்கும், மூட்டுவலியோடு வெளியே திரியாதே. இங்கே மழை விட்டபாடில்லை. கூரையில் இரண்டு ஓடுகள் காற்றில் பறந்துவிட்டன. மாற்றித் தருகிறேன் என்று தம்பி ஹைகோ வருகிறான், தேநீர் குடிக்கிறான், போகிறான். ஓடு மட்டும் அப்படியே இருக்கிறது.

கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் தவிர நாம் எழுதிக்கொள்வதில்லை. இவ்வளவு கனமான உறையைப் பார்த்ததும் யாரோ செத்துப்போனதாக நினைத்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, கடைசிவரை படி.

பரணை ஒழித்தபோது அப்பாவின் பழுப்புக் கோட்டு கிடைத்தது. போரிலிருந்து அவர் போட்டுக்கொண்டு வந்த ராணுவக் கோட்டுதான். சின்னங்களைப் பிரித்துவிட்டு, அம்மா துணி வெளுக்கும் அண்டாவில் போட்டுச் சாயம் ஏற்றினாள். அண்டாவுக்குள் கைவிட்டு நான் அடி வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது. கோட்டுக்குப் பக்கத்திலேயே பித்தான் டப்பா. அதற்குள் அந்தத் துணிக் கழுகுச் சின்னம். அறுபத்தெட்டில் நீ கண்டெடுத்து, ரஷ்யாவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு, தேநீர் மேசையில் அப்பா முன்னால் வீசினாயே, ஹிட்லரின் எஸ்.எஸ். கொலைப்படையின் அதே கழுகு. அம்மா எதையும் எறிய மாட்டாள், திரும்ப டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறாள்.

"இது என்னுது இல்லம்மா" என்றார் அப்பா. அந்த வயது ஆண்கள் எல்லோரும் அப்போது அதைத்தான் சொன்னார்கள். நம் கணக்கு வாத்தியார் சொன்னார், தபால் அலுவலகத்தில் இருந்த பெரியவர் சொன்னார். இருவரும் எஸ்.எஸ். சீருடையில் நிற்கும் படம் பிற்பாடு பத்திரிகையில் வந்தது. எனவே நீ நம்பவில்லை. கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு எழுந்தாய். போதும், இனி ஊற்றாதே என்று நம் ஊரில் அதற்கு அர்த்தம். அன்றைக்குப் போனவள் அவர் சாவுக்குக்கூட வரவில்லை. அவரும் அந்தப் பேச்சை அதற்குமேல் எடுக்கவில்லை.

அவர் சொன்னது பொய்யா மெய்யா என்று தெரியாமலே நானும் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது. கோட்டையும் கழுகையும் எடுத்துக்கொண்டு ஒல்ட்மன்ஸ் என்பவரிடம் போனேன். போர்க்காலச் சீருடைச் சின்னங்களைச் சேர்ப்பவர். அசலா போலியா என்று சொல்வதில் அவரை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. வருமானவரி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் வேறு. யாரையும் நம்பாத பழக்கம் அவருக்கு ரத்தத்திலேயே ஊறிவிட்டது.

இந்தச் சனியனையெல்லாம் ஒருவன் எதற்குச் சேர்த்து வைக்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் அருவருப்பு இருந்தது. அங்கே போனதும் அது மாறிவிட்டது. பழம்பொருள் சந்தையில், காட்டக்கூடாது என்ற சட்டத்துக்காக நாஜி ஸ்வஸ்திகாவின்மேல் காகிதம் ஒட்டி மறைப்பார்கள் அல்லவா, இவர் தன் வீட்டு இழுப்பறைகளுக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறார். காகிதத்தை விலக்கிப் பார்க்கக் கண் மின்னுகிறவனுக்கு அடுத்த இழுப்பறை திறக்காது. தேநீரும் கிடையாதாம். எனக்குத் தேநீர் கிடைத்தது. பெருமைக்குச் சொல்கிறேன், கற்கண்டு பெரிய கட்டியாகவே போட்டார்.

முதலில் கழுகை நீல விளக்கின் கீழே வைத்தார். தையல் நூல் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. பழைய நூல் அப்படி ஒளிராது என்று கேள்விப்பட்டிருந்ததால், போலிதானே என்று துள்ளினேன். மனிதர் அசையவில்லை. இந்தக் காலத்துச் சோப்புத்தூள் பட்டிருந்தால் அசலும் இப்படித்தான் மினுக்குமாம். "நமக்கு வேணுங்கிற பதில் முதல்லயே வந்துச்சுன்னா, அப்பத்தான்மா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே அவர் என் மனதில் உயர்ந்துவிட்டார்.

பிறகு கழுகைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு நூலை இடுக்கியால் உருவி நெருப்பில் காட்டினார். அந்தக் காலத்து நூல் என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு, கறுப்பாக ஒரு கெட்டி உருண்டையாக நின்றது. செயற்கை நூல். போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, விற்பதற்கென்றே யாரோ செய்த போலி.

நான் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். உட்காருங்கள் என்றார். இந்தக் கழுகு போலி என்பதால், கோட்டில் அசல் கழுகு இருந்ததே இல்லை என்று ஆகிவிடாதாம். எஸ்.எஸ். ஆட்கள் கழுகை இடது கையில் மேல்பக்கம் தைத்துக்கொள்வார்கள், தரைப்படைக்காரர்கள் வலது மார்பில். கோட்டின் இடது கையை உள்வெளியாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியை விரற்கடை விரற்கடையாக நகர்த்திப் பார்த்தார். அவருடைய தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு வேறு ஊற்ற அவர் மனைவி வந்தபோதுகூட அவர் தலை நிமிரவில்லை. எங்கும் பார்த்திராத ஒரு மனிதனின் கோட்டுக்காக இவ்வளவு சிரத்தை காட்டுகிறவரை நான் கண்டதில்லை.

வலது மார்பில் ஊசித்துளைகள் வரிசையாக இருந்தன. நடுவே, தரைப்படைக் கழுகு மூடியிருந்த இடத்தில், சாயம் சற்று அழுத்தமாக ஏறியிருந்தது. எனக்கே தெரிந்தது. இடது கையில் ஒரு துளை இல்லை. கம்பளி இழை ஒன்றுகூடக் கலையவில்லை.

"இந்தக் கையில எதுவும் ஏறினதே இல்ல. உங்கப்பா சொன்னது நெசம்" என்றார்.

நான் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அழட்டும் என்று விட்டுவிட்டு, முடித்ததும் சொன்னார்: "ஆனா ஒண்ணு. தரைப்படைக் கோட்டுன்னு மட்டுந்தான் நான் சொல்லுவேன். அதைப் போட்டுக்கிட்டு அவரு என்ன செஞ்சாருன்னு துணி சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன்." அதைச் சொல்லாமலே என்னைச் சந்தோஷமாக அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை பார், அங்கேதான் அந்த மனிதர் நிற்கிறார். ஆகவே நானும் உனக்கு அதற்குமேல் சொல்லவில்லை. ரஷ்யாவில் அவர் என்ன செய்தார் என்ற உன் கேள்வி அப்படியே இருக்கிறது. நீ கேட்டதில் தப்பில்லை. "என்னுது இல்ல" என்று உனக்குக் கிடைத்த ஒரே ஒரு பதில் மட்டும் உண்மையான பதில்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹைகோ ஓடு மாற்றக் கடைசியில் ஏணியில் ஏறியே விட்டான். கீழே நின்று இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் இறங்கிவிட்டான். "அக்கா, அந்தக் கழுகை டப்பாவுல ஒளிச்சு வச்சது நான்தான்" என்றான். பள்ளிக்கூடத்தில் கால்பந்துக்காரர்களின் படங்களைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்ததாம். அன்றைய சண்டையில் பயந்து வாயைத் திறக்கவில்லை. நீ கப்பலேறிய பிறகு, அதைச் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோதும் சொல்ல வரவில்லையாம். நரைத்த தலையோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஓடு இன்னும் மாற்றவில்லை.

அவனை மன்னித்துவிடு என்று நான் எழுதமாட்டேன், அது உன் பாடு. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. கோட்டைத் தூசி தட்டி முன்னறையில் மாட்டியிருக்கிறேன். வந்து இடது கையை நீயே தடவிப் பார்.

கடவுள் உன்னை நல்லபடியாக வைக்கட்டும். மேசையில் உன் பழைய கோப்பையை எடுத்து வைத்திருக்கிறேன். கரண்டியை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன்.

உன் அக்கா,
இம்கே