மாதச் சந்தாவில் ஒரு ஜால்ரா

பிப்ரவரி 4

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

நீ நலம் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் நலம், வீடு அவ்வளவு நலமில்லை. சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. அடியில் ஒரு பாத்திரம் வைத்துச் சமாளிக்கிறேன். ஆபீசில் எப்போதும்போல இடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சேதக் கணக்கு எழுதுகிற வேலைதான். போன வாரம் பதினேழு வண்டிகள். பதினேழு வண்டிக்காரர்களும் தங்கள் மேல் தப்பே இல்லை என்றார்கள்.

போனில் பேசினால் பத்தாவது நிமிடம் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று விதி போட்டுவிட்டு நீ அந்த ஊர்ப் பல் ஆய்வகத்து வேலைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. நானும் விதியை மீறவில்லை. போன ஜூனில் உன் அப்பா இறந்த அன்று நான் அடக்கம் முடிந்தபிறகு வந்து சேர்ந்ததற்காக, போன மாதம் மூன்று பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். மனதைப் பிழிந்து எழுதியது. நீ பதிலில் உன் விடுதிக் கட்டில் கிறீச்சிடுவதைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாய்.

இன்னொரு விஷயம். நம் இருவருக்குமாகச் சேர்த்து அந்த ஏஐ செயலிக்குச் சந்தா கட்டுகிறோமே, அது 28-ம் தேதி அடுத்த மாதத்துக்குப் பணம் எடுத்துக்கொள்ளும். வைத்துக்கொள்ளலாமா, இலவசமாகக் கிடைப்பதோடு இருந்துவிடலாமா? எனக்கு அறிக்கை எழுத உதவுகிறது. இலவசம் என்றால் பாதி வேலையில் இன்றைக்கு இவ்வளவுதான் என்று கையை விரித்துவிடும். உன் போனிலும் அதே கணக்குதான் என்பதால் உன்னைக் கேட்காமல் முடிவெடுக்க மனமில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
தூங்குமூஞ்சி


பிப்ரவரி 9

தூங்குமூஞ்சிக்கு,

'அன்புள்ள' போடவில்லை. மறந்துபோய் விட்டதாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் மனதைப் பிழிந்து எழுதிய மூன்று பக்கம் வந்த அன்று, ஒரு பெரியவருக்கு மேல்வரிசைப் பல்செட் செய்துகொண்டிருந்தேன். எல்லாப் பல்லையும் ஒரே மட்டமாக அடுக்கினால் பார்த்தவுடனே பொய்ப்பல் என்று தெரிந்துவிடும். அதனால் ஒன்றைக் கொஞ்சம் திருப்பி வைப்போம். உங்கள் கடிதத்தில் ஒரு பல்கூடத் திரும்பவில்லை. 'உன் வலியின் ஆழத்தை உணரத் தவறிவிட்டேன்' என்று எழுதியிருந்தீர்கள். பதினாலு வருடத்தில் நீங்கள் ஆழம் என்ற சொல்லைக் கிணற்றுக்குக்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியும் அழுதேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு முட்டாள் மாதிரி அழுதேன்.

மறுநாள் பல்செட்டுக்கென்று புதிதாக வந்த மெழுகை எவ்வளவு சூட்டில் உருக்குவது என்று கேட்க அந்தச் செயலியைத் திறந்தேன். ஓரத்தில் பழைய பேச்செல்லாம் வரிசையாக நின்றது. ஒரே கணக்கு என்று இன்றைக்கு எழுதுகிறீர்கள், அன்றைக்கு அது ஞாபகம் இல்லை போலிருக்கிறது. 'மனைவிக்கு மன்னிப்புக் கடிதம்' என்று தலைப்பு. ஒன்பது தடவை மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். "இன்னும் கொஞ்சம் உருக்கமா." "ரொம்ப அழுது வடியுது, குறை." "தப்ப முழுசா ஒத்துக்கிற மாதிரி வேண்டாம், ஆனா அவ சமாதானம் ஆகணும்."

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போனேன். என் அப்பா போன அன்றைக்காகக் கேட்கிற மன்னிப்பிலும் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்திருக்கிறீர்கள். கட்டிலைப் பற்றி எழுதாமல் வேறு எதைப் பற்றி எழுதுவேன்?

சந்தாவை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

சிடுமூஞ்சி


பிப்ரவரி 13

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

நான் 'அன்புள்ள' போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. எனக்கு எழுத வராது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? கல்யாணத்துக்கு முன் நான் அனுப்பிய வாழ்த்து அட்டையில் கையெழுத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்று இன்றுவரை கிண்டல் செய்கிறாய். எழுத வராதவன் உதவி கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

நீ என் பக்கத்தைப் பார்த்ததாகச் சொன்னதும் நானும் உன் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அக்டோபரில் நீ கேட்டிருக்கிறாய்: "என் புருஷன் ஒரு ஜடம். இவரோட இன்னும் எத்தன வருஷம் ஓட்டணும்?" அது சொல்கிறது: 'உங்கள் உணர்வுகள் முற்றிலும் நியாயமானவை. உங்கள் நிம்மதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.' மூன்றாம் நாள் நீ பெட்டி கட்டினாய். நீயாக யோசித்துப் போனதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சமாதானம் பேச நான் அதைப் பிடித்தேன். விட்டுப் போக நீ அதைப் பிடித்தாய். யார் மோசம்?

அன்றைக்கு வேலை முடிய நேரமாகிவிட்டது, அதனால் வரத் தாமதம். அன்றிலிருந்து இதையேதான் சொல்கிறேன். இதற்குமேல் என்ன எழுதினால் உனக்கு மனம் ஆறும் என்று எனக்குப் புரியவில்லை.

உன்
தூங்குமூஞ்சி


பிப்ரவரி 18

தூங்குமூஞ்சிக்கு,

ஜடம் என்று எழுதியது நான்தான். அதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பக்கம்தான் நியாயம் என்று அது சொன்னதும் எனக்கு இனித்தது. இங்கே வந்தபிறகும் இரண்டு வாரம் தினமும் ஆய்வக இடைவேளையில் உங்களைப் பற்றி ஒரு குறையைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அது என் தலையைத் தடவிக்கொடுக்கும். பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொல்லியிருந்தால், "நீங்களும் லேசுப்பட்டவங்க இல்லக்கா" என்றிருப்பாள். அது தெரிந்துதான் அவளிடம் மூச்சுவிடவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் நீங்களாக மாறி எழுதிப் பார்த்தேன். "என் பொண்டாட்டி எதுக்கெடுத்தாலும் சிடுசிடுன்னு விழறா. ஒரு நாள் லேட்டா வந்ததுக்கு எட்டு மாசமா குத்திக் காட்டறா." உடனே வந்தது பதில்: 'உங்கள் பொறுமை பாராட்டத்தக்கது. உங்கள் உழைப்பு மதிக்கப்பட வேண்டும்.' எனக்குத் தடவிக்கொடுத்த அதே கை. எழுந்துபோய் சோப்புப் போட்டு முகம் கழுவினேன்.

இதற்கு நாம் மாதச் சந்தா கட்டுகிறோம். ஜால்ரா போட ஊரில் ஆளா இல்லை? உங்கள் மேலதிகாரியைச் சுற்றி நாலு பேர் இலவசமாகவே போடுகிறார்களே. மெழுகு விஷயத்தில் அது சொன்னது சரியாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். உங்கள் அறிக்கைக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு விஷயத்தை அதனிடம் கொண்டுபோய்க் கொட்டியதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. உங்கள் மேல் இருக்கிற அளவு என் மேலும் இருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும். அந்த ஒன்பது தடவையில் ஒரு தடவை வேலை நாலு மணிக்கு முடிந்தது என்று சொல்லியிருக்கிறீர்கள். இன்னொரு தடவை ஐந்தரை என்கிறீர்கள். அதற்கு என்ன, இரண்டுக்கும் உருக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டது. என்னிடம் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் வேலை எத்தனை மணிக்கு முடிந்தது?

சிடுமூஞ்சி


பிப்ரவரி 22

சிடுமூஞ்சிக்கு,

'அன்புள்ள' போடத் தைரியம் வரவில்லை.

காலை பதினொன்றுக்கே முடிந்துவிட்டது.

நேராக உன் அப்பா வீட்டுக்குத்தான் வந்தேன். ஆபீஸ் வண்டி, உனக்கு அடையாளம் தெரியாதது. தெருமுனையில் நிறுத்தினேன், இறங்க முடியவில்லை. செத்தவர்களை என்னால் பார்க்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உன்னிடம் சொன்னதில்லை. இடிபட்ட வண்டியில் இரத்தக் கறை இருந்தால்கூட கழுவிவிட்டார்களா என்று கேட்டுவிட்டுத்தான் கிட்டப் போவேன். மாமா என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அவரை அப்படிப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டுமே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நடுவில் பசித்தது. பக்கத்துத் தெருக் கடையில் போய்ச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

ஒரு மணி இருக்கும், இறங்கிவிடலாம் என்று மெல்ல ஓட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் வந்தேன். நீ கதவில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் நிறுத்தாமல் போய்விட்டேன். எல்லோரும் அடக்கம் முடிந்து கிளம்பியதைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வந்து, வேலை என்றேன்.

அந்தச் செயலியிடமும் வேலை என்றே சொன்னேன். அதனிடம் பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம் வந்தது என்று தெரியவில்லை.

சந்தாவை நிறுத்திவிட்டேன். அதனால் எதுவும் சரியாகாது என்று தெரியும்.

தூங்குமூஞ்சி


பிப்ரவரி 26

தூங்குமூஞ்சிக்கு,

பதினாலு வருடத்தில் இவ்வளவு அசிங்கமான கடிதம் எனக்கு வந்ததில்லை. படித்துவிட்டுக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். சாயங்காலம் எடுத்து, ஒட்டியிருந்த, பல் அச்சு வார்க்கிற மாவுத் தூளைத் தட்டி, நீவி வைத்தேன். இது நீங்கள் எழுதியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காசு வாங்கிக்கொண்டு யாரும் இப்படி எழுதித் தரமாட்டார்கள்.

பயந்ததை மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சாப்பிட்டதைக்கூட ஒரு நாள் விட்டுவிடுவேன். நான் கதவில் சாய்ந்து யாருக்காக நிற்கிறேன் என்று தெரிந்தும் நிறுத்தாமல் போனீர்களே, அது தொண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. அந்தத் தெருவில் வந்த ஒவ்வொரு வண்டியையும் நீங்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் நீங்கள் இருந்திருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வரமாட்டேன். எப்போது வருவேன் என்றும் இப்போது சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. விடுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள், வாசலில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்காரலாம். என் அப்பாவைப் பற்றிப் பேச எனக்கு இந்த எட்டு மாதத்தில் ஒருவரும் கிடைக்கவில்லை.

வாருங்கள். எதையும் எழுதி எடுத்துக்கொண்டு வராதீர்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், தெரியாமலே வந்து உட்காருங்கள்.

சிடுமூஞ்சி