பட்டங்கியின் கழுத்தைக் குறித்து மூத்த தேவியார்க்கு

மூன்று ஆறுகளையும் ஒரு குடைக்கீழ் காக்கும் வெள்ளருவி நாட்டு வேந்தர், முடிசூடி ஐந்தாம் நாள் கண்ட மன்னர் ஆவினர் திருவாணைப்படி, தலைமை அமைச்சன் சாத்தன் பொறையன் தன் கையால் எழுதி விடுக்கும் ஓலை. போர் தொடங்கிய நாள்முதல் முல்லைக்கரையில் தந்தையார் அரண்மனையில் தங்கியிருக்கும், மறைந்த மூத்த இளவரசர் விறலரின் தேவியார் நீலநங்கையார் தனித்திருந்து காண்க. முல்லைக்கரையில் ஏரிகள் நிறைக, கன்றுகள் பெருகுக, தேவியார் உண்பதும் உறங்குவதும் குறையாதிருக்க.

முடிசூட்டு மண்டபத்தில் புது மன்னரின் தலை, முடிசூடும்போது அணியும் பட்டங்கியின் கழுத்தில் நுழையாமல் நின்றுபோன செய்தி இதற்குள் அங்கு வந்திருக்கும். வரும் வழியில் அதற்குக் கைகால் முளைத்தும் இருக்கும். ஆகவே நடந்ததை நடந்தபடியும், சொன்னவர் சொல்லைச் சொன்னபடியும் எழுதுமாறு மன்னர் பணித்தார். ஓலைக்கு ஒவ்வாத பேச்சு இடையே வருவதைத் தேவியார் பொறுத்தருள்க.

அந்தப் பட்டங்கியைத் தைத்தவள் அரண்மனைத் தையல்சாலை அல்லியாள். விறலரின் குதிரையைப் பேணிய எயினனின் மனைவி. மூத்தவர் போர் முடித்துத் திரும்பியதும் முடிசூடுவார் என்றிருந்ததால், நாற்பது நாளாக அவருடைய அளவுக்கே அவள் கழுத்து வேலை செய்துகொண்டிருந்தாள். நம் தையல்சாலையில் கழுத்தை முதலில் வெட்டுவதில்லை. வெட்டாத முழுப்பட்டின் மேல் கழுத்தின் வட்டத்தைக் குறித்து, அதைச் சுற்றிப் பொன்னிழையால் மாங்காயும் கொடியும் நிரப்பி, உள்பட்டி எனும் துணிப்பட்டையை வைத்து விளிம்போடு தைத்து, எல்லாம் முடிந்த பிறகே நடுவிலுள்ள துணியை வெட்டி எடுப்பார்கள். வெட்டி எடுத்தபின் பட்டியை உள்ளே திருப்பி மறைதையல் போட்டால் கழுத்து பிறந்துவிடும். பிறகு அதைத் திருத்த முடியாது.

கடைசி மாங்காயில் அவள் ஊசி இருந்தபோது வடகரைப் போர்க்களத்திலிருந்து தூதன் வந்தான். விறலர் வீழ்ந்த செய்தியை முரசறைந்து ஊருக்குச் சொன்னார்கள். எயினன் வீழ்ந்ததைச் சொல்ல முரசு இல்லை. தூதனே தையல்சாலை வாசலில் குதிரையை நிறுத்தி, “எயினனும் போயிட்டான் தங்கச்சி, பெரியவரு பக்கத்துலயே,” என்று சொன்னான். அவள் “சரிண்ணே” என்றாள். அவன் போனபின் நூல் தீர்ந்திருந்தது. வேறு நூல் கோத்தாள்.

விறலரின் தம்பியாகிய இளையவர் மூன்றாம் நாள் முடிசூடுவார் என்று மன்றம் நாள் குறித்தது. புதுப் பட்டங்கிக்கு நேரமில்லை. முடிசூட்டு ஆடையைத் துக்கத்திலிருப்பவர் தொடலாகாது என்ற முறை தையல்சாலைத் தலைவி கொற்றிக்குத் தெரியும். பாதியில் வேறு கை பிடித்தால் தையல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் தெரியும். அவள் அல்லியாளின் அருகில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாளாம்: “இங்க பாருடி, மூணு நாளைக்கு உனக்கு ஒண்ணும் ஆகலை. தாலி பாட்டுக்குக் கழுத்துல கிடக்கட்டும். அழுவுறதை அப்புறம் வச்சுக்கலாம். சின்னவரு தலை பெருசு, இந்த வட்டத்துல போவாது. வெட்டும்போது முன்னால நாலு விரக்கடை கீழ பிளந்து, கயிறு வச்சுக் கட்டிரு. காதுல விழுந்துச்சா?”

அல்லியாள் “விழுந்துச்சுக்கா” என்றாள். மறுநாள் கொற்றி இன்னொரு முறை சொன்னாள். அப்போதும் அதே பதில்.

அந்த மூன்று நாளும் அவள் குறித்த நேரத்துக்கு வந்தாள். கொடுத்த சோற்றை உண்டாள். பக்கத்திலிருந்தவர்கள் பேசினால் பேசினாள். கை மட்டும் யாருடையதோ போல வேலை செய்துகொண்டிருந்தது என்று பிறகு சொன்னாள். பட்டங்கியை மடித்துக் கொடுத்த காலையில் கொற்றி பொன்வேலையைப் பார்த்தாள். கழுத்தை விரித்துப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் நடந்தது இது. மன்னர் கைகளை உயர்த்த, ஆடையைத் தலைவழியே இறக்கினார்கள். நெற்றி நுழைந்தது, காதுகளோடு நின்றுவிட்டது. ஆயிரம் பேர் கூடிய அவையில் மன்னர் முகமின்றிப் பட்டுக்குள் நின்றார். இழுக்க வந்தவர்களைக் கையசைத்து விலக்கினார். இருபது எண்ணும் நேரம் சென்று, தாமே அதைக் கழற்றி, வெறும் உத்தரியத்தைப் போர்த்திக்கொண்டு முடிசூடினார். பொன்னிழை உரசி ஒரு காது சிவந்திருந்தது. வேறொன்றும் எவர் கண்ணிலும் படவில்லை.

அரச ஆடையில் பிழை செய்த கையில் ஊசி பிடிக்கும் இரு விரல்களை நீக்குவது நம் சட்டம். மன்றம் கூடியது. மன்றத்து மூத்தவர் வேட்டுவனார், பிளக்கச் சொன்னார்களா என்று அல்லியாளைக் கேட்டார்.

“சொன்னாங்க.”

மறந்தாயா, மறுத்தாயா என்று கேட்டார்.

“கத்தரியைக் கையில எடுத்தது நெனப்பிருக்கு ஐயா. அடுத்து நெனப்பு வந்தப்போ பட்டியைத் திருப்பித் தைச்சு முடிச்சிருந்தேன். நடுவுல என்ன செஞ்சேன்னு தெரியலை,” என்றாள். அச்சமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

கொற்றிக்குத்தான் பொறுக்கவில்லை. “அவளைக் கேட்டு என்ன ஆவப்போவுது? பெரியவரு தலை கெண்டி மாதிரி, சின்னவரு தலை அண்டா மாதிரி. ரெண்டுக்கும் தோதா ஒரே வட்டத்தை நான் எங்க போய்த் தேட? புருசன் செத்தவளை மூணு நாள் உக்கார வச்சுப் பூப்போட வச்சது நான். விரல்தான் வேணும்னா என் விரலை எடுத்துக்குங்க. ஏற்கெனவே முடங்கிக் கிடக்குது, எனக்கும் பாரம் குறையும்,” என்றாள்.

நல்லது செய்வதாக எண்ணி அவள் சொன்னது தீதாய் முடிந்தது. துக்கக் கை பட்டங்கியைத் தொட்டது அப்போதுதான் மன்றத்துக்குத் தெரிந்தது. இரு விரல் போதாது, கையையே நீக்க வேண்டும் என்றனர் சிலர். வளர்பிறை ஏழாம் நாள் தீர்ப்பு என்று கலைந்தனர். அதைக் கேட்டபோதும் அல்லியாள் தலையசைத்தாள். வேலைக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாள்.

இனி எழுதுவது தேவியாருக்கு மட்டும்.

மறுநாள் காலை மன்னர் இவ்வமைச்சனைப் படைக்கலச் சாலைக்கு அழைத்து, கதவைச் சாத்தச் சொன்னார். முடிசூடுமுன் அரசராகப் போகிறவர் கண்ணில் நீர் காணலாகாது, கண்டால் முடி செல்லாது என்பது தேவியார் அறிந்த முறையே. அண்ணன் இறந்த நாள்முதல் மண்டபம் ஏறும்வரை தம்மை ஒருபொழுதும் தனியே விடவில்லை என்று மன்னர் கூறினார். உறங்கும்போதும் கட்டிலருகே இருவர் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பின்னர் அவர் சொன்ன சொற்கள் இவை: “அந்தக் கழுத்து அண்ணன் அளவில் இருந்ததை நெற்றி பட்டதும் அறிந்தேன். பட்டுக்குள் என் முகத்தை எவரும் காண இயலாது. அங்கே அவருக்காக அழுதேன், பொறையரே. இருபது எண்ணும் நேரம். எனக்குக் கிடைத்தது அவ்வளவே. அதைக் கொடுத்த கையை வெட்டும் ஓலையில் என் முத்திரை விழாது. காரணத்தை மன்றத்தில் சொன்னாலோ முடியே செல்லாது.”

ஆகையால் மன்றம் மீண்டும் கூடுமுன் அல்லியாளை எல்லை கடத்துவதென்று முடிவாயிற்று. முல்லைக்கரை தேவியாரின் தந்தையார் ஆளும் நாடு; நம் மன்றத்தின் சொல் அங்கே செல்லாது. இந்த ஓலையையும் பட்டங்கியையும் அவளே கொண்டுவருகிறாள். கொற்றிக்கு ஊறு நேராது. அதை மன்னர் தம் பொறுப்பில் கொண்டார். பட்டங்கியின் கழுத்தை எவரும் பிளக்கவோ பெரிதாக்கவோ வேண்டாம். அது தேவியாரின் கணவர் அளவு. தேவியாரிடம் இருப்பதே முறை என்று மன்னர் கருதுகிறார்.

ஆணைகள் வருமாறு. அல்லியாளின் கை இன்றுமுதல் தேவியாரின் காவலில் உள்ளது. அவளாகக் கேட்கும்வரை அவளிடம் ஊசி கொடுக்கலாகாது. எயினன் இறந்ததை அரண்மனை இன்றுவரை அவளுக்கு முறைப்படி சொல்லவில்லை. அக்குறையைத் தேவியார் தம் வாயால் தீர்த்தருள வேண்டும். மன்னர் பெயரால் வருத்தமும் சொல்ல வேண்டும். தாலியை அவள் என்று கழற்றுவது என்பதற்கு வேறெவரும் நாள் குறிக்கலாகாது. படித்து முடித்ததும் இவ்வோலையை அடுப்பில் இடுக.

இதை எழுதும்போது அவள் வெளிக்கூடத்தில் காத்திருக்கிறாள். எங்கே போகிறாய் தெரியுமா என்று கேட்டதற்கு, “அனுப்புற எடத்துக்கு,” என்றாள். வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டாள். ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை அவள் கேட்கவில்லை.

அருவி முத்திரை, மன்னர் தம் கையால் பொறித்தது. எழுதிய கை சாத்தன் பொறையன். இதற்குப் படி இல்லை.