தைலத்தின் மேல் போட்ட பழி

ஏப்ரல் 9

காரில் ஏறியதும் மகன் எல்லாக் கண்ணாடியையும் இறக்கினான். வெளியே அனல், புழுதி. ஏசி போடவில்லையா என்று கேட்டேன்.

"போட்டா உங்க முட்டித் தைல வாடை உள்ளயே சுத்திச் சுத்தி வருதும்மா."

பேத்தி மூக்கை மூடிக்கொண்டாள். அவளுக்குச் சளி பிடித்தபோதெல்லாம் இதே தைலத்தைத் தடவித்தான் தூங்க வைத்தேன். அந்த மூக்குதான் இது! மருமகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதுதான் இன்னும் சுட்டது.

ஏப்ரல் 10

தைலம் நாறுகிறதாம்!

ஏப்ரல் 13

ஏசிக்கு மறுபடியும் கேஸ் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறான். போன மாதமும் அடைத்தான். "இப்ப ஜில்லுன்னு வருதா?" என்றாள் மருமகள். "ஏதோ கொஞ்சம்" என்றான். கொஞ்சமாவது, மண்ணாவது. காற்றே வராத ஓட்டைக்கு எத்தனை கேஸ் அடைத்து என்ன? மூச்சு முட்டுகிறவனுக்குச் சோறு ஊட்டுகிற கதைதான்.

வாயைத் திறந்தால், "உங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா." சரி, நான் ஐந்தாவதுதான். மூக்குக்குமா சர்டிபிகேட் கேட்பார்கள்? அது தைல வாடையே இல்லை. ஈரச் சாக்கும் எலி மூத்திரமும் கலந்த வாடை.

ஏப்ரல் 17

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள். "ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடி" என்று போனில் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப்போகிறேன் என்றான் மகன். அதோடு விட்டானா?

"அன்னிக்கு மட்டும் தைலம் தேய்க்காம வாங்கம்மா."

"நான் பஸ்ல போய்க்கறேன்."

"இந்த வெயில்லயா? அந்த முட்டிய வச்சுக்கிட்டா?"

"முட்டி என்னோடது. இல்ல, உன் கார்லதான் வரணும்னா, வாடை எங்கேர்ந்து வருதுன்னு மெக்கானிக்க என் கண் முன்னாடி பிரிச்சுக் காட்டச் சொல்லு. தைலம்தான்னா இந்த ஜென்மத்துல உன் கார்ல ஏற மாட்டேன்."

ஏப்ரல் 18

தூக்கமே இல்லை. பஸ்ஸில் அத்தனை தூரம் இந்தக் காலால் முடியுமா? என் வீம்பில் அக்காவைப் பார்க்காமலே விட்டுவிடுவேனோ? இருந்தாலும் — நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்?

ஏப்ரல் 19

கடைசியில் மகன்தான் இறங்கி வந்தான், காரைப் பிரித்துப் பார்க்க எடுத்துப்போனான். நானும் கூடவே போய் மெக்கானிக் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மெக்கானிக் வாய் ஓயாத ஆள். முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கிற டப்பாவைக் கழற்றி, பின்னாலிருந்து ஃபில்டரை உருவினான். காற்றை வடிகட்டுகிற தட்டாம். மெத்தை மாதிரி புழுதி.

"கேஸ் அடிச்சவன் இதத் தொறந்தே பாக்கலையா சார்?"

"வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தினா போதும்னு புக்குல…"

"புக்கு எழுதினவன் நம்ம ரோட்ல ஓட்டிப் பாத்தானா? இந்தப் புழுதிக்கு மாசாமாசம் எடுத்துத் தட்டணும் சார்."

பிறகு உள்ளே கையை விட்டான். வந்தது எலிக்கூடு! கூடு முழுக்கக் கிரீம் பிஸ்கட் உறையும் சாக்லேட் தாளும்.

"நல்லாத் தீனி போட்டு வளத்திருக்கீங்க சார்!"

மகன் முகம் வெளுத்தது. சர்க்கரை வியாதிக்காரன். வீட்டில் அவன் காப்பிக்கு மருமகள் சீனியே காட்டுவதில்லை. இவன் காருக்குள் திருட்டுத்தனமாகத் தின்பானாம், எலி குடும்பம் நடத்துமாம், பழி மட்டும் என் முட்டி மேலாம்!

"அம்மா… வீட்ல சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்? வாய் உன்னோடது. நீயே சொல்லு."

ஏப்ரல் 20

அக்காவைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. என் கையை இழுத்து மோந்து, "இந்த வாசனைக்குத்தான்டி காத்துக் கெடந்தேன்" என்றாள். அவள் தோளுக்கும் தேய்த்துவிட்டேன்.

போகும்போது நடந்ததையும் எழுத வேண்டும். மகனே முன்கதவைத் திறந்து என்னை உட்கார வைத்தான். ஏசி காற்று பனியாக முகத்தில் அடித்தது. பின்சீட்டிலிருந்து மருமகள், "வாடையே இல்லையே! உள்ள என்னதான் இருந்துச்சு அத்தை?" என்றாள்.

மகன் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"புழுதி" என்றேன். "மிச்சத்த என் புள்ள சொல்லுவான்."

அவன், "அது வந்து…" என்று ஆரம்பித்தான். நான் பையிலிருந்து தைலத்தை எடுத்து, நிதானமாக மூடியைத் திறந்து, இரண்டு முட்டிக்கும் தேய்த்தேன்.

யாரும் கண்ணாடியை இறக்கவில்லை.