வாத்துக்கு வெட்டிய குளம்

பெருங்கடவிளை
5-5-2024

மகள் ஷாலுவுக்கு,

வழக்கமாக உன் அம்மாதான் எழுதுவாள். இன்று பேனாவை என் கையில் தந்துவிட்டாள். நீ கன்னியர் மடத்துக்குப் போன இரண்டு வருடத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உனக்கு வீடு கட்ட வைத்திருந்தேனே, பின்னால் அந்த எட்டு சென்ட் பள்ளம், அது காடாகிப் போனது. இனி யாருக்காக மண் அடித்து நிரப்ப? வாத்து வளர்க்கலாம் என்று இறங்கிவிட்டேன். புதர் வெட்டி, இரண்டு தென்னங்குற்றியைத் தோண்டி எடுத்து, நேற்றுக் குளம் வெட்டினேன். கனால் வாய்க்காலில் தண்ணீர் வரத்து நின்று ஒரு மாதம். நம் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. லாரித் தண்ணீர்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்று காலையில் போய்ப் பார்த்தால் குழியில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். மண்வெட்டி பட்ட தழும்புகூட அடியில் தெரிகிறது, அவ்வளவு தெளிவு. ஐம்பத்தெட்டு வருடம் இந்த மண்ணில் நடந்திருக்கிறேன். என் காலுக்குக் கீழே இது இருந்தது எனக்குத் தெரியாது. அங்கேயே குந்தி இருந்துவிட்டேன். பூசைக்குப் பிந்திவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா,
ஞானையன்


திண்டுக்கல்
19-5-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கவரில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் பிரிக்கப் பயந்தேன். அம்மாவுக்கு ஏதோ என்று நினைத்துவிட்டேன். பிரித்தால் தண்ணீர்! அடுக்களை சிஸ்டர்களுக்கும் வாசித்துக் காட்டினேன்.

அந்த எட்டு சென்டில் வாத்து நடப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்களும் வருத்தப்படாதீர்கள்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு, கன்னியராக வாழ்வேன் என்று பூசையில் வாக்குக் கொடுக்கும் நாள். பெற்றோர் வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் எனக்கு ஆசை உண்டு. வருவீர்களா?

அன்பு மகள்,
ஷாலு


பெருங்கடவிளை
12-6-2024

மகளே,

குஞ்சுகள் வந்துவிட்டன. இருபத்தைந்து. மழையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லாததால் கூடு கட்டும் வேலையும் முடிந்தது. செங்கல் அடுக்கித் தரையை உயர்த்தி உமி விரித்திருக்கிறேன். கீரி தோண்டிக்கொண்டு வராமல் இருக்க கம்பிவலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கினேன். குளத்தின் ஒரு பக்கத்தைச் சரிவாகச் சீவினேன். வாத்துக்குக் கால் குட்டை, செங்குத்தான கரையில் ஏற முடியாது.

மிருக ஆஸ்பத்திரி டாக்டர் ஐந்து வாரத்துக்கு நீந்த விடாதீர்கள் என்றார். இவை இயந்திரத்தில் பொரித்த குஞ்சுகள். தாயின் இறகுக்குள் இருந்தால்தான் அதன் எண்ணெய் மேலே பட்டு நனையாமல் இருக்குமாம். இவற்றுக்குத் தாய் இல்லை, நனைந்தால் விறைத்துப்போகும். அதனால் ஒரு பெட்டியில் பல்பு போட்டு உள்ளே வைத்திருக்கிறோம். காற்று அடிக்காத இடம் உன் அறைதான். நீ போன அன்று நான் பூட்டியது. நேற்றுத் திறந்தேன்.

குஞ்சைக் கையில் எடுத்தால் பாரமே இல்லை. நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கையில் தெரிகிறது.

அப்பா


திண்டுக்கல்
25-6-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

என் அறையில் இருபத்தைந்து பேர் குடியிருப்பதில் சந்தோஷம்.

நான் கேட்டதற்கு மட்டும் உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. பரவாயில்லை அப்பா. மனம் இல்லாமல் வர வேண்டாம். நீங்கள் எழுதுவதே எனக்குப் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஷாலு


பெருங்கடவிளை
14-7-2024

என் மக்ளே,

இன்று குஞ்சுகளைக் குளத்தில் விட்டோம்.

எனக்குத் தைரியம் இல்லை. ஐந்து வாரம் உன் அறையிலும் பிறகு கூட்டிலும் கிண்ணத்துத் தண்ணீரை மட்டும் கண்டவை. முங்கிச் சாகப் போனால் அள்ளி எடுக்கலாம் என்று ஒரு கூடையோடு நானே தண்ணீருக்குள் இறங்கி நின்றேன். உன் அம்மா கூட்டைத் திறந்தாள். ஒன்றன் பின் ஒன்றாகச் சரிவில் இறங்கி வந்து, தண்ணீர் ஓரத்தில் எல்லாம் நின்றன. பிறகு முதல் குஞ்சு அப்படியே வழுகி உள்ளே போனது. மற்றவையும் போயின. ஒன்று தலைகீழாக முங்கியது. நான் கூடையோடு பாய்ந்தேன். அது குளத்தின் அந்தப் பக்கத்தில் எழும்பி, இறகை ஒரு உதறு உதறிவிட்டுத் திரும்பவும் முங்கியது.

யார் சொல்லிக் கொடுத்தார்கள், ஷாலு? தாயைக் கண்டதில்லை, குளத்தைக் கண்டதில்லை.

அப்போதும் நான் அதன் பின்னாலேயே கூடையைக் கொண்டு போகிறேன். உன் அம்மா சொன்னாள்: "கரையில கேறி நில்லுங்க. தண்ணி அதுகளுக்கு உள்ளதாக்கும்."

கேறி நின்றேன். மழை பெய்தது. நாங்கள் இரண்டு பேரும் நனைந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். உன் அம்மா அழுதாள். நானும்தான்.

நாகர்கோவிலில் இருந்து திண்டுக்கல்லுக்கு ரயிலில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். வாத்தைப் பக்கத்து வீட்டு விஜயம்மா பார்த்துக்கொள்வாள். உன் வார்த்தைப்பாட்டுப் பூசையில் அப்பாமார் எங்கே நிற்க வேண்டும், எப்போது எழும்ப வேண்டும் என்று ஒரு தாளில் விவரமாக எழுதி அனுப்பு. எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்குக் குறுக்கே நின்றுவிடக் கூடாது.

உன் அப்பா