ஊசி போடுமுன் உன் அத்தையைப் பற்றி

அன்பு மகள் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே முழங்கால் வலியும் மூச்சிரைப்புமாக இருந்துகொண்டிருக்கிறேன், உன் தம்பி வீட்டில் எல்லாரும் சுகம். நீ சுகமா என்று வழக்கமாகக் கேட்பேன், இந்தத் தடவை கேட்கவில்லை, சுகமாக இருந்தே ஆகவேண்டும் என்று சொல்கிறேன். போனில் அத்தை என்று வாயெடுத்ததுமே வெட்டிவிடுகிறாய், அதனால்தான் காகிதம். உன் தம்பி பெண்டாட்டி ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், ஒரு வரிகூடப் படிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள், படிப்பாள், படிக்கட்டும். மூன்றாம் வகுப்போடு நிறுத்தினவள் கை இது, கோழி கிளறின மாதிரி இருந்தாலும் கடைசிவரை படி.

எட்டு நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய். மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை, வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்கிற ஊசி எழுதிக்கொடுத்திருக்கிறார் டாக்டர், பேனா மாதிரி இருக்கிறது, எடையும் குறையுமாம் என்று சந்தோஷமாகச் சொன்னாய். ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்களாம், அதில் குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா என்று ஒரு கேள்வி. நான் உடனே சொன்னேன், உன் அப்பாவின் அக்காவுக்கு இருந்தது, அதில்தான் போனாள் என்று. நீ சிரித்தாய். "அம்மா, செத்துப் போனவங்களையாவது விடும்மா, அத்தை ஹார்ட்ல போனாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்"னு சொன்னாய். 'இல்லை' என்கிற கட்டத்தில் குறி போடப் போகிறேன், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டி நிறுத்திவிட்டு வந்து முதல் ஊசி என்றாய். இன்றைக்குத் திங்கள், நடுவில் நாலு நாள்தான்.

கேள். அவள் கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. ஒரு வருஷம் துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டு திரிந்தாள். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் அவளோடு இருந்தது நான்தான், அவள் பெற்றதுகள் இல்லை. ஜன்னலிலிருந்து இரண்டாவது கட்டில், ஒரு கால் குட்டை, மருந்து அட்டைப்பெட்டியை மடித்து நான்தான் முட்டுக் கொடுத்தேன். சட்டைப்பை கிழிந்த குள்ள டாக்டர் வந்து மெடுல்லரி தைராய்டு கேன்சர் என்று இரண்டு தடவை சொன்னார். எழுதிக்கொள்ளக் கையில் ஒன்றும் இல்லை, குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே பஸ் நம்பர் மாதிரி சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றிக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷமாகியும் இறங்கவில்லை. அப்போது அவள் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் உன் அப்பா, "யார் கேட்டாலும் ஹார்ட்டுன்னு சொல்லு, புள்ள கல்யாணம் நிக்கக் கூடாது" என்றார். சொன்னேன். அவளுடைய மற்ற எல்லாக் குறையையும் தெருத்தெருவாகச் சொன்னவள் நான், இதை ஒன்றை மட்டும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றினேன். இப்போது துப்பினால் யாரும் நம்பவில்லை.

காகிதம் இருந்தால் நம்புவாய் என்று போன செவ்வாய்க்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன். பழைய காகிதக் கட்டுகள் வைக்கிற அறை கீழே, படிக்கட்டு இறங்க எனக்கு அரை மணி. அங்கே இருந்த பெண் நல்ல பெண், நாற்காலி போட்டாள், ஆனால் பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்டதை அரைத்துக் கூழாக்கிவிடுவார்களாம். "பாட்டி, அந்த டாக்டரே இப்ப உயிரோட இல்ல"ன்னு சொன்னாள். பிறகு யாரிடம் போவேன், அத்தை மகன் சோடாபுட்டியிடம்தான் போனேன். உன் கல்யாணத்தன்று ஓசிச் சாப்பாட்டுக்கு வந்த எச்சில் கைகள் என்று நம்மைச் சேர்ந்தவர்களைச் சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து போனானே, அன்றோடு அவனிடம் பேச்சில்லை. இருபத்திரண்டு வருஷம். அவன் கடிகாரக் கடை வாசலில் போய் நின்றேன். கண்ணில் சொருகின பூதக்கண்ணாடியைக்கூட எடுக்காமல், "எங்கம்மா ஹார்ட்லதான் போனாங்க" என்றான். பெரியவளுக்கு ஊசி போடப் போகிறார்கள், நீ ஒரே ஒரு வார்த்தை போனில் சொல் போதும் என்று கெஞ்சினேன், ஆமாம், நான், கெஞ்சினேன். "அடுத்த மாசம் எம் பொண்ணப் பாக்க வர்றாங்க, இப்ப வந்து குடும்பத்துல கேன்சரு கீன்சருன்னு பேசாதீங்க, கெளம்புங்க" என்றான். சொல்லும்போது அவன் கை தானாகக் கழுத்துப் பக்கம் போய் வந்தது. உன் கழுத்தையும் ஒரு டாக்டரிடம் காட்டுடா என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அந்தக் கை போதும். உனக்குப் போதாது என்று தெரியும்.

நம் முக்கு மருந்துக்கடைப் பெண்ணிடமும் கேட்டேன். ஊசி கெட்டதில்லையாம், எத்தனையோ பேருக்கு நன்றாகக் கேட்கிறதாம், ஆனால் இந்த வகைப் புற்றுநோய் இரத்த உறவில் இருந்தால் அதைக் கொடுக்கமாட்டார்களாம், டாக்டரிடம் மறைக்கவே கூடாதாம். கணையம் வீங்கினது உண்டா என்றும் கேட்பார்களே என்றாள். நீ பஸ் ஓட்ட லைசென்ஸ் எடுத்த வருஷம் பச்சைக் கட்டம் போட்ட சட்டையோடு தரையில் புரண்டாயே, நான்கு நாள் சொட்டு மருந்து ஏற்றினார்களே, நீ அதை வயிற்றுக் கேஸ் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாய், அது கேஸ் இல்லை, பித்தப்பையில் கல், அதனால் கணையத்தில் வீக்கம் என்று டாக்டர் சொன்னது என் காதில் இருக்கிறது. அதையும் எழுது. நீ ஏற்கெனவே விழுங்குகிற மாத்திரையோடு ஊசியும் சேர்ந்தால் சிலருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடுமாம், உன் முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கின்றன, மாத்திரை அளவைக் குறைக்கவேண்டுமா என்று கேள். கண்ணையும் முதலில் காட்டச் சொன்னாள். அதற்காக நீயாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதே.

இவ்வளவு எழுதியும் நீ நம்பமாட்டாய். அம்மாவுக்கு அத்தை மேல் காய்ச்சல், இன்னும் விடவில்லை என்பாய். தப்பு உன்மேல் இல்லை, நான்தான் என் வாயை நானே கெடுத்துக்கொண்டேன். மூன்று நாள் யோசித்தேன், என்ன செய்தால் இவள் நம்புவாள் என்று. ஒன்றுதான் இருக்கிறது. உனக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்ததே, பெண்பிள்ளையை விடுதிக்கு அனுப்பாதே என்று அத்தை தூபம் போட்டு உன் அப்பா அதைக் கிழித்தார் என்று நான் சொன்னேனே, அவள் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது நான். நீ இல்லாமல் அந்த வீட்டில் அவர் வீட்டார் நடுவே என்னால் இருக்க முடியாது என்று உன் அப்பாவிடம் அழுதேன், அவர் கிழித்தார். உன் அத்தை உனக்கென்று விடுதிக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள், நீ பார்க்குமுன் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் நீ அவளோடு பேசவேயில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தும் உள்ளே வரவில்லை. அவள் கடைசி வாரம் குரல் போய், "பெரியவ வரலியா" என்று உதட்டை அசைத்தாள். உனக்குப் பரீட்சை என்றேன். என்ன பரீட்சை என்று அவள் கேட்கவில்லை. நான் செய்தது அவளுக்குத் தெரியும், கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளைப் பற்றி நான் சொன்ன பொய் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் நிஜம், அவள் வாய் நல்ல வாய் இல்லை.

இதைப் படித்தபிறகு நீ என்னோடு பேசமாட்டாய். உன் பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியாதா. பேசவேண்டாம். ஆனால் தன்னையே இப்படி எழுதிக்கொடுக்கிறவள் கழுத்துக் கட்டி விஷயத்தில் பொய் சொல்வாளா என்று மட்டும் யோசி. இந்தக் காகிதத்தை டாக்டரிடம் காட்டு, எங்கம்மா வன்மம் பிடித்தவள், ஆனால் இப்படிச் சொல்கிறாள் என்று சொல். கழுத்தை ஸ்கேன் பண்ணவேண்டுமா, இரத்தம் பார்க்கவேண்டுமா, வேறு மருந்து கொடுப்பதா என்று அவர் சொல்லட்டும். இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் உன் கையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை, இவ்வளவுதான் முடிந்தது.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் என் வயதையும் தாண்டி இருக்கவேண்டும். வேளைக்குச் சாப்பிடு, பஸ்ஸில் ஏறுமுன் இனிப்பு ஏதாவது பையில் வைத்துக்கொள். வெள்ளிக்கிழமைக்குள் உன் தம்பிக்குப் போன் பண்ணி, ஊசி போடவில்லை, டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். என்னிடம் கொடுக்கச் சொல்லவேண்டாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் படிக்கவிடாத அம்மா