நானூறு மில்லி வினிகர்

மார்ச் 4

அன்பு மருமகள் வாலுவுக்கு,

உன் கடிதம் வந்தது. "மாமா, தக்காளி சாஸ் எப்படிச் செய்வது?" என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கிறாய். சமுத்திரத்தை ஒரு டம்ளரில் ஊற்றித் தரச்சொன்ன மாதிரி இருக்கிறது. இருந்தாலும் கேட்டது என் அக்கா பெற்ற ஒரே பெண்ணாயிற்றே, தராமல் விடுவேனா?

போனில் பேசக்கூடாதா என்று அக்கா குறைப்பட்டுக்கொள்கிறாளாம். சாஸ் கம்பெனி பாய்லர் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்றவனுக்குக் காது எங்கே மிச்சம்? பாய்லர் காதை எடுத்துக்கொண்டது, பதிலுக்கு வித்தையைக் கொடுத்தது. அங்கே நான் யார் தெரியுமா? நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் தலையை ஆட்டாமல் ஒரு பாட்டிலும் வாசலைத் தாண்டாது. ஒரு தடவை ஜலதோஷம் என்று லீவு போட்டேன். அன்றைக்குக் கம்பெனிக்கே லீவு! முதலாளி வெந்நீர் பிளாஸ்க்கோடு காரில் வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார். கப்பலில் வந்த வெளிநாட்டுக்காரர்கள் பதினேழு பேர் என் சாஸைத் தொட்டுக்கொள்ளப் பொறுமையில்லாமல் டம்ளரில் ஊற்றிக் குடித்தார்கள்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஆனால் நண்பர்கள் இருபது பேர் வந்துவிடுகிறார்கள். நாற்காலி போதவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் இதை எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழுத்த தக்காளி பத்து கிலோ. வேகவைத்து, அரைத்து, வடிகட்டு. சர்க்கரை அறுநூறு கிராம். உப்பு நூற்றிருபது கிராம். கொஞ்சம் பட்டை, பத்து கிராம்பு, ஒரு ஸ்பூன் மிளகு, எல்லாவற்றையும் துணியில் முடிந்து உள்ளே போடு. சின்னத் தீயில் மூன்று மணி நேரம். இறக்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வினிகர் நானூறு மில்லி. பாட்டிலை இருபது நிமிஷம் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடு. சூட்டோடு ஊற்றி மூடு. வெந்ததா என்று பார்க்க ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் வை. சுற்றிலும் தண்ணீர் வளையம் கட்டினால் இன்னும் வேகவேண்டும்.

இனாமாக இன்னும் மூன்று ரகசியம். பூண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் சட்டையைக் கழற்றுகிற மாதிரி தோலைக் கழற்றிவிடும். வறுத்த மிளகை ஆறவிட்டு அரை, சூட்டோடு அரைத்தால் பொடி கட்டி தட்டிவிடும். எதிலாவது உப்பு கூடிப்போனால் ஒரு உருளைக்கிழங்கைத் தூக்கிப் போடு, உப்பை ஒரே மூச்சில் குடித்துவிடும்.

சாஸ் உலகின் முடிசூடா மன்னன்,
உன் மாமா

மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சிரிக்க ஒரு தடவை, குறித்துக்கொள்ள ஒரு தடவை.

எதற்குக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் இப்போதைக்கு வாயைத் திறக்காதீர்கள். நான் வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள். தெரிந்தால் அம்மா, "பெட்டியைக் கட்டு, வீட்டுக்கு வா" என்பாள். ஒன்பது வருஷமாக என் கதவை என் சாவியால் திறந்துகொண்டிருக்கிறேன் மாமா. அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருக்கிற அக்காவுக்கு நான் அரைத்த மிளகு-பூண்டுப் பொடியைக் கொடுத்துப் பார்த்தேன். முகர்ந்துவிட்டு, "பொடி ஆளாளுக்கு அரைக்கிறாங்க. நல்ல சாஸ் செஞ்சு கொண்டா. பன்னெண்டு பாட்டில் வச்சுப் பாக்குறேன். ஒரு மாசத்துல வித்துச்சுன்னா அலமாரில அந்தத் தட்டு உனக்கு" என்றார்.

நேற்று பன்னிரண்டும் தட்டில் ஏறிவிட்டன. கடைக்குள் நிற்க வெட்கமாக இருந்தது, வெளியே வரவும் மனமில்லை. கடைசியில் தேவையே இல்லாமல் அரைக் கிலோ உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பூண்டு ரகசியம் பலித்தது. உருளைக்கிழங்கு பலிக்கவில்லை. சூப்பில் போட்டுப் பார்த்தேன், உப்புக் கரிக்கிற சூப்போடு உப்புக் கரிக்கிற கிழங்கும் கிடைத்தது. தண்ணீர் ஊற்றித்தான் சரிக்கட்டினேன்.

அன்புடன்,
வாலு

மார்ச் 22

என் தங்கமே,

படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். என் சாஸ் கடையில்! தபால்காரரிடமும் முடிவெட்டுகிறவரிடமும் மட்டும்தான் சொன்னேன், ஊரே திரண்டுவிட்டது. முடிவெட்டுகிறவர் பாதித் தலையோடு என்னை உட்காரவைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார்.

இனி பார், ஒரு தட்டு என்ன, கடை முழுக்க உன் பாட்டில்தான். உப்பு வைக்க இடம் இல்லாமல் அந்தக் கடைக்கார அம்மா உப்பை வீட்டுக்கு எடுத்துப் போவாள். உருளைக்கிழங்கு பலிக்காததற்கு உன் ஊர்க் கிழங்குதான் காரணம். என் கிழங்குகள் சொன்ன பேச்சு கேட்கும்.

ஒரு வருத்தம். பன்னிரண்டு பாட்டிலில் குருவுக்கென்று ஒன்று ஒதுக்கத் தோன்றவில்லையே? போகட்டும், நான் கேட்கவில்லை. அனுப்பினால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்.

அக்காவிடம் மூச்சு விடவில்லை. என் வாய் பெரிய பூட்டு.

உன் பெருமைமிகு மாமா

மார்ச் 30

மாமா,

நேற்றுக் காலை கடையில் மூன்று பாட்டிலின் மூடி பறந்துவிட்டது. உள்ளே சாஸ் புளித்து நுரைத்திருக்கிறது. பிரட் வாங்க வந்த வாத்தியாருடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, வாசலில் இருந்தவர்கள் ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டார்கள்.

கடைக்கார அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். தரையைத் துடைத்துக்கொண்டே, "என்னம்மா, நான் சாஸ் கேட்டேனா, வெடிகுண்டு கேட்டேனா?" என்றார். நானும் ஒரு துணியை எடுத்துத் துடைத்தேன். அப்புறம் அவரே, "இன்னும் ஒரே ஒரு தடவை. செஞ்சு உன் வீட்டுலயே பதினஞ்சு நாள் வை. சும்மா நின்னா கொண்டா. இல்லன்னா தட்டு வேற ஆளுக்கு" என்றார். மிச்ச ஒன்பது பாட்டிலையும் சாக்கடையில் கொட்டினேன்.

உங்களுக்கு இதெல்லாம் பேச்சு. எனக்கு என் வீட்டுச் சாவி. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு யாரையாவது கேட்டிருப்பேன். இனிமேல் சமையலைப் பற்றி எனக்கு எதுவும் எழுதவேண்டாம்.

வாலு

ஏப்ரல் 4

வாலு,

எழுதவேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நான் ருசி பார்க்கிறவனாக இருந்ததில்லை. முதலாளி என் வீட்டுக்கு வந்ததில்லை, இப்படி ஒருவன் வேலை செய்தான் என்பதே அவருக்குத் தெரியாது. கப்பல்காரர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. உருளைக்கிழங்கு விஷயம் யாரோ பஸ்ஸில் சொன்னது.

அங்கே என் வேலை அளப்பது. சர்க்கரை, உப்பு, வினிகர். தராசு ஒன்று, அளவு ஜாடி ஒன்று. காலையில் போனதும் தராசுத் தட்டைத் துடைப்பேன், சாயங்காலம் கிளம்பும்போதும் துடைப்பேன். என் கையால் அளந்து ஊற்றிய ஒரு பாட்டிலும் பத்தொன்பது வருஷத்தில் திரும்பி வந்ததில்லை. வாயால் எவ்வளவோ அளந்திருக்கிறேன், ஜாடியில் ஒரு சொட்டு கூட்டிக் குறைத்ததில்லை. உனக்கு எழுதிய அளவுகளில் பொய் இல்லை.

அதனால் கேட்கிறேன். வினிகர் எவ்வளவு ஊற்றினாய்? எத்தனை மணி நேரம் கொதித்தது? இந்த இரண்டுக்கும் மட்டும் பதில் எழுது.

மாமா

ஏப்ரல் 9

அன்புள்ள மாமாவுக்கு,

இருநூறு மில்லி. ஒன்றரை மணி நேரம்.

உப்பும் சர்க்கரையும்கூடப் பாதிதான். பாட்டில் கொதித்தது பத்தே நிமிஷம்.

எப்படிச் சொல்வது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். நம் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு மாமா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீங்கள் வந்து, "பத்தடிப் பாம்பு, நான் வாலைப் புடிச்சு ஒரு சுத்து சுத்தினேன்" என்பீர்கள். நீங்கள் போனதும் அம்மா, "அஞ்சடின்னு வச்சுக்கோ" என்பாள். நூறு பேர் என்றால் ஐம்பது பேர். நாலு தோசைக்கல் அகலம் என்றால் இரண்டு. யாரும் கேலியாகச் செய்யவில்லை. உங்கள் பேச்சைக் கேட்டதும் கை தானாகப் பாதியாக்கிவிடும், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தைக் குறித்துக்கொண்டபோதும் கை அதையே செய்திருக்கிறது. முதலாளியும் பிளாஸ்க்கும் இருந்த அதே தாளில்தானே வினிகரும் இருந்தது? தக்காளியை மட்டும் பாதியாக்கவில்லை, குறித்துக்கொள்வதற்கு முன்பே அதை வாங்கிவிட்டேன்.

பிசகியது என் கை. திட்டு உங்களுக்கு. என்னை மன்னித்துவிடுங்கள் மாமா.

நேற்று மறுபடி செய்தேன், நீங்கள் எழுதியது எழுதியபடி. தட்டில் தண்ணீர் வளையம் கட்டவில்லை. பன்னிரண்டு பாட்டில் ஜன்னல் பக்கம் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அவற்றைத்தான் பார்க்கிறேன்.

உங்கள்,
வாலு

ஏப்ரல் 15

அன்பு வாலுவுக்கு,

முதலில் கோபம் வந்தது. நாற்பது வருஷமாக நான் வாசலைத் தாண்டியதும் என் அக்காவே என்னைப் பாதியாக வெட்டி வைத்திருக்கிறாள்! ஒரு முழு நாள் யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் யோசித்துப் பார்த்தேன், மற்ற நாட்களிலும் யாரோடு பேசினேன்?

உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பாம்பு மூன்றடி. அதுவும் செத்துக் கிடந்தது. நீங்கள் பாதியாக்கியும் இரண்டடி மிச்சம் இருக்கிறது.

இருபது நண்பர்கள் என்று எழுதினேனே, நீ பத்துப் பேர் என்று எடுத்துக்கொண்டு, 'மாமாவுக்கு என்ன குறை' என்று இருந்திருப்பாய். ஒருவரும் வருவதில்லை. காது கேட்காதவனிடம் எத்தனை நாள் கத்திப் பேசுவார்கள்? தபால்காரர் ஒருவர்தான் கைஜாடையில் 'சௌக்கியமா' என்பார். அதற்காகவே உனக்கு நீளமாக எழுதுகிறேன், நீ பதில் போட்டால் அவர் வருவார்.

இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. வேலையைப் பார். தினமும் காலையில் ஒவ்வொரு மூடியின் நடுவிலும் விரலை வைத்துப் பார். தட்டையாக இருந்தால் நல்லது. மேலே உப்பியிருந்தால் நாக்கில்கூட வைக்காமல் கொட்டிவிடு. பாட்டிலை ஜன்னல் வெயிலில் வைக்காதே, நிழலுக்கு மாற்று.

மாமா

ஏப்ரல் 26

அன்புள்ள மாமாவுக்கு,

பதினைந்து நாளும் முடிந்து இரண்டு நாள் கூடுதலாகவும் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மூடியும் தட்டை!

கடைக்கார அக்கா ஒரு பாட்டிலைக் குலுக்கினார், காதில் வைத்துக் கேட்டார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு திறந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு பிரட் துண்டில் தடவித் தின்றார். இன்னொரு துண்டு எடுத்தார். அப்புறம், "முப்பது பாட்டில். பத்தாம் தேதிக்குள்ள. தட்டு உனக்குத்தான், போ, முன்னாடி நின்னுக்கிட்டுக் கண்ணக் கசக்காத" என்றார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பெனி மூடியதற்கு அழுதாள். நான் சொல்லாததற்குத் திட்டினாள். பாட்டில் வெடித்த கதையைக் கேட்டுவிட்டு மெதுவாக, "அவன் கையால அளந்ததையா நாம சந்தேகப்பட்டோம்?" என்றாள். உங்களுக்கு எழுதுவதாகச் சொன்னாள். இரண்டு முறை பேனாவை எடுத்து வைத்துவிட்டாளாம்.

இப்போது ஒரு விஷயம். முப்பது பாட்டில் என்றால் இருபத்தைந்து கிலோ தக்காளி. கிளறவும் அளக்கவும் நான் ஒருத்தி போதாது. பச்சை மிளகாய் சாஸும் கேட்கிறார்கள், அதன் அளவு எனக்குத் தெரியாது. எங்கள் கட்டிடத்தில் கீழ் அறை காலியாக இருக்கிறது, வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவைத்திருக்கிறேன். பாவம் பார்த்துக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். பாவம் பார்த்தால் பத்தாம் தேதிக்குள் சாஸ் வராது. தராசு ஒன்று வாங்கியிருக்கிறேன். எந்தப் பக்கம் சாய்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

வருவீர்களா?

உங்கள்,
வாலு

மே 1

அன்பு வாலுவுக்கு,

உடனே கிளம்பிவிடுவேன் என்று நினைத்துவிடாதே. மூன்று நாள் தீவிரமாக யோசித்தேன். இல்லை, அது பொய். உன் கடிதத்தை மடிப்பதற்குள் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை வந்து சேர்வேன். பஸ் நிலையத்தில் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, எதிரில் வந்து நில்.

தராசைத் தொடாதே. நான் வந்து சமமான பலகையில் வைத்த பிறகு பார்க்கலாம். மிளகாயைக் காம்போடு கழுவு, கழுவிய பிறகு காம்பைக் கிள்ளு, இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். தக்காளியில் கறுப்புப் புள்ளி ஒன்று இருந்தாலும் ஒதுக்கிவிடு.

அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டே வரி. என்ன எழுதியிருந்தாள் என்று சொல்லமாட்டேன், சட்டைப் பையில் இருக்கிறது.

நீ எனக்கு ஒரு விவரம் எழுதவேண்டும். உங்கள் தெருவில் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது? முப்பது பாட்டிலையும் நானே கழுவவேண்டும். அதற்கு முன்னால் எழுந்திருக்கவேண்டும்.

வருகிறேன்.

மாமா