பூட்டியிருந்த கதவும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் உடம்பளவில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், மனசு நொந்து கிடக்கிறது என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன், போனில் என்றால் நான் கத்துவேன் நீ அழுவாய், பேச வேண்டியது பேசாமலே போய்விடும். அப்பாவின் பள்ளி வேனுக்குப் புது பிரேக் போட்டாயிற்று. அக்கா குழந்தைக்குப் பல் முளைக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது. எனக்கும் இப்போது அப்படித்தான் இருக்கிறது, யாரையாவது கடித்து வைக்க வேண்டும் போல.

நீ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததையும் கல்லூரிப் பத்திரிகையில் வந்ததையும் சித்தப்பாவை உட்கார வைத்து வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொன்னேன். செருப்புத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது தோல் களவு போகும் என்று பின்கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள், கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தத் தையல்காரப் பெண், கதவைத் தட்டித் தட்டியே கை போச்சும்மா என்று உன்னிடம் சொன்னாள், நீயும் கதவு பூட்டியிருந்தது என்றுதான் முதல் வரி எழுதியிருந்தாய். அச்சில் வந்ததோ, வெளியேறுவதில் சிரமங்கள் இருந்ததாகத் தொழிலாளர்கள் வேதனை தெரிவித்தனர். சித்தப்பா வேறு, இங்கிலீஷ் நல்லா வழவழன்னு இருக்கு அண்ணி என்றார், அவருக்கு அன்று காபி கிடையாது. பூட்டு எங்கே போயிற்று, தட்டின கை எங்கே போயிற்று? உன் ஆங்கிலத்தைத் திருத்த மொழித் துணை என்று பத்திரிகை வாத்தியார் உன் பக்கத்தில் உட்கார வைத்தாரே ஒருத்தி, அவளுக்கு நான் இஸ்திரிப் பெட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன், எதைக் கொடுத்தாலும் மடிப்பில்லாமல் தேய்த்து விடுகிறாள். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளை எழுதினால் இன்னொருத்தர் திருத்த வேண்டுமாம், கடைசியாகக் கைவைத்தவர் பெயர்தான் மேலே போகுமாம், இது எந்த ஊர் நியாயம்? நாள் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் நீ, அறையில் உட்கார்ந்து தேய்த்தவள் பெயர் தலையில், உன் பெயர் காலடியில் உதவி என்று பொடி எழுத்தில். உன் பேர்தான் இருக்கே அப்புறம் என்ன என்று அந்த வாத்தியார் கேட்டாராமே, அவர் சம்பளச் சீட்டிலும் ஒரு மாதம் அவர் பெயரை உதவி என்று போட்டுக் கொடுத்தால் தெரியும்.

நான் கல்லூரிக்கு எழுதின புகாரை அப்பா தபாலில் போடாமல் வேன் டாஷ்போர்டிலேயே வைத்துவிட்டார், படிக்கிற எடத்துல பகைச்சுக்க வேணாம், விட்டுடு என்கிறார். அன்றிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சில்லை, சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்து விடுகிறேன். விடுவதாவது! அந்தப் பத்திரிகைக்காரர்கள் மூக்கு உடைவதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது, இதை நான் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

இதில் நீ என்ன செய்திருக்கிறாய்? இஸ்திரிப் பெட்டி தீ விபத்துச் செய்திக்கு அடுத்த பாகம் எழுதப் போனாளாம், அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் அவளிடம் வாயே திறக்கவில்லையாம், இப்போது உன்னிடமே வந்து அந்தத் தையல்காரப் பெண்ணின் நம்பரைக் கேட்கிறாளாம். அதைக் கொடுத்துவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறேன், டிக்கெட்டும் எடுத்தாச்சு, எனக்கு இங்கிலீஷ் வராதும்மா என்று போனில் சொன்னாய். எனக்குக் காது கூசியது. கொடுக்காதே. கெஞ்சட்டும். அந்தப் பெண் வலியோடு உன் முகத்தைப் பார்த்துச் சொன்னது அது, தேய்த்துக் கொடுக்கச் சொல்லி யாரிடமும் கொடுக்கவில்லை. அவள் பேசியதைப் பதிவு செய்திருக்கிறாயே, அதை இன்னொரு இடத்திலும் பத்திரப்படுத்து, அவள் சம்மதம் கேட்டுக்கொண்டு அடுத்த பாகத்தை நீயே எழுது. உனக்கு வருகிற சின்னச் சின்ன ஆங்கிலத்தில் எழுது, நீ முதலில் தமிழில் எழுதிப் பிறகு மாற்றுவதால் நேரமாகிறது என்றால் மற்றவர்கள் தொடங்குவதற்கு முன்பே எழுத உட்கார். அந்தக் கல்லூரிப் பத்திரிகை போடாவிட்டால் ஊரில் வேறு பத்திரிகையே இல்லையா? பூட்டினவன் யார், சாவி யார் பையில் இருந்தது, அதை எழுது. அது வெளியே வரும் அன்று பூட்டினவன் முகமும் தேய்த்தவள் முகமும் அந்த வாத்தியார் முகமும் எப்படிப் போகிறது என்று பார்த்து எனக்கு ஒன்று விடாமல் சொல், நான் அதற்காகவே காத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு மருந்து விட மறக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை ஓங்க வேண்டும், உன்னை அழ வைத்தவர்கள் உன் பெயரை வாய் திறந்து படிக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். டிக்கெட்டை மறக்காமல் ரத்து செய். உன் பெயர் மேலே வந்த தாளோடு வா, பிரேக் போட்ட வேனில் நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் வந்து நின்றாயானால், மகளே, எத்தனை தட்டினாலும் இந்த வீட்டுக் கதவு பூட்டித்தான் இருக்கும்.

கோபம் இன்னும் தணியாத,
உன் அம்மா